தனிச்சுற்றுக்கு மட்டும்

கையெழுத்துப் பத்திரிகை என்பது ஓர் இதழுக்கு ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள பத்திரிகை. அச்சுக்கும் போகாது, விலைக்கும் வராது. நான்கைந்து பேர் எழுதித் தந்ததை, எழுத்து அழகாக உள்ள ஒருவர் ஃபுல்ஸ்கேப் தாளில் எடுத்து எழுதுவார். படம் போடத் தெரிந்தவர் அட்டையைப் பார்த்துக்கொள்வார். ஊசி நூலால் தைத்து, மைதாப் பசையால் முதுகை ஒட்டி, வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவார்கள். ஒரு வீட்டில் ஒரு நாள். இதழின் கடைசியில் நாலைந்து பக்கங்கள் வெற்றுத்தாளாக இருக்கும். படித்தவர்கள் தங்கள் கருத்தை அதில் எழுத வேண்டும். சுற்று முடிந்து இதழ் திரும்பி வந்ததும் ஆசிரியர் குழு முதலில் பாய்வது அந்தப் பக்கங்களின் மேல்தான்.

இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் தெருமுனைப் படிப்பகங்களிலும் இப்படி எத்தனை இதழ்கள் பிறந்து மறைந்தன என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. பெயர் நின்றவை சிலவே. திருநெல்வேலியில் வண்ணநிலவன் நடத்திய 'பொருநை' அவற்றில் ஒன்று. கலாப்ரியாவின் தொடக்கக் கவிதைகள் அதில் வந்தன. முத்துக்குளித்துறை மீனவர் வாழ்வை 'கடல்புரத்தில்' என்று 1977இல் நாவலாக்கியவரும் அதே வண்ணநிலவன்தான்.

இதே காலத்தில் லண்டனில் வேறொரு பசை வாசனை கிளம்பியது. மார்க் பெர்ரி என்ற 19 வயது வங்கி எழுத்தர் 1976 ஜூலையில் 'ஸ்னிஃபின் குளூ' என்ற இதழைத் தொடங்கினார். பங்க் இசைக்காக ரசிகர் ஒருவரே நடத்திய இதழ் அது. கட்டுரைகள் தட்டச்சில், தலைப்புகள் மார்க்கர் பேனாவில். தவறான சொல்லை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே சரியானதை எழுதிவிடுவார். அடித்தலும் அப்படியே நகலில் வரும். முதல் இதழ் ஏறக்குறைய 50 ஜெராக்ஸ் பிரதிகள். ஓராண்டில் அது ஆயிரக்கணக்கில் விற்கத் தொடங்கியது. என் இதழை நம்பி இருக்காதீர்கள், ஆளுக்கொன்று தொடங்குங்கள் என்று வாசகர்களை ஏவிவிட்டு, 1977இலேயே பெர்ரி கடையைக் கட்டினார். ரசிகர்கள் நடத்தும் இவ்வகை இதழுக்கு ஃபேன்சின் என்று பெயர். பங்க்காரர்கள் கண்டுபிடித்த சொல் இல்லை அது. அமெரிக்க அறிவியல் புனைகதை ரசிகர்களிடையே 1940இலேயே புழங்கிய சொல். 1977 தொடக்கத்தில் இன்னொரு ஃபேன்சின், கிடாரில் மூன்று சுரக்கட்டுகளுக்கு விரல் வைக்கும் விதத்தைப் படம் போட்டுக் காட்டி, இது போதும், குழுவைத் தொடங்கு என்றது. பங்க் இசையின் மொத்தத் துணிச்சலும் அந்தப் படத்துக்குள் இருந்தது.

'ஸ்னிஃபின் குளூ' என்றால் பசையை மோந்து பார்த்துப் போதை ஏற்றிக்கொள்வது. தூத்துக்குடியில் காய்ச்சிய மைதாப் பசையை மோந்தால் தலை சுற்றாது. கரப்பான்பூச்சிதான் வரும்.

கட்டுரையாளரும் மூன்று பள்ளித் தோழர்களும் 1981இல் தூத்துக்குடியில் தொடங்கிய கையெழுத்துப் பத்திரிகையும் ஒரு ஃபேன்சின்தான். அப்படி ஒரு சொல் உலகில் உண்டென்று நால்வருக்கும் தெரியாது. கதை, கவிதை, துணுக்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்தாலும் இதழில் பாதி பாட்டைப் பற்றியது. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பாட்டு.

இந்தக் கரைக்கு இலங்கை வானொலி வெளிநாட்டு வானொலியாக இருந்ததே இல்லை. பி.வி. கேஸ்கர் 1952இல் ஒன்றிய அமைச்சரானதும் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை விரட்டினார். அது தரம் கெட்டது என்பது அவர் முடிவு. வானொலியில் சினிமாப் பாட்டுக்கு மீண்டும் ஓர் இடம் கிடைக்க 1957இல் விவித் பாரதி வர வேண்டியிருந்தது. அதற்குள் கொழும்பு நிலையம் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களைத் தூத்துக்குடிக்காரர்கள் சொந்தக்காரர் குரலைப்போல அடையாளம் சொல்வார்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்', பிறகு பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம், 'பாட்டுக்குப் பாட்டு', 'இசையும் கதையும்'. பாட்டின் பெயர், படம், பாடியவர், இசையமைப்பாளர், எழுதியவர் எல்லாவற்றையும் அறிவிப்பாளர் சொல்ல, எழுதிக்கொள்வதற்கென்றே ஒரு நோட்டு பல வீடுகளில் இருந்தது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் பையன்கள் தங்கள் பத்திரிகையை எழுதினார்கள்.

சினிமாப் பாட்டைப் பற்றி எழுத 'பேசும் படம்', 'பொம்மை' என்று பத்திரிகைகள் இருந்தன. இலங்கையின் பொப் பாடல்களைப் பற்றி இங்கே எழுத ஆள் இல்லை. அறுபதுகளின் கடைசியில் நித்தி கனகரத்தினம் மாணவராக இருந்தபோது கிடாரை வைத்துக்கொண்டு பாடிய 'சின்ன மாமியே' தீவு முழுக்கப் பரவி, வானொலி வழியே இந்தக் கரைக்கும் வந்தது. படம் இல்லை, கதாநாயகன் இல்லை, பெரிய வாத்தியக் கோஷ்டி இல்லை. ஊர்ப் பேச்சில் ஒரு கேலி, அதற்குத் தோதான தாளம், அவ்வளவுதான். ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' அதைவிடப் பெரிதாகப் பிடித்துக்கொண்டது. பாதி சிங்களம், பாதி தமிழ். சுராங்கனி என்ற பெண்ணுக்கு மீன் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லும் பாட்டு அது. மீன்பாடு கூடவும் குறையவும் சோறு கூடிக் குறையும் ஊரில் அது பிடிக்காமல் போனால்தான் வியப்பு. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் அது சினிமாவுக்குள்ளும் நுழைந்தது. மனோகரனும் சென்னைக்கு வந்து நடிகரானார். 2018 ஜனவரியில் சென்னையிலேயே இறந்தார்.

இந்தப் பாடல்களின் அடித்தளமான பைலா, போர்த்துகீசியர் காலத்தில் இலங்கையில் கலந்துபோன ஆப்பிரிக்க, ஐரோப்பிய ஆட்டத் தாளம். அதே போர்த்துகீசியர்தாம் 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவரை மதம் மாற்றினார்கள். தூத்துக்குடிக் காதுக்கு அந்தத் தாளம் அந்நியமாகப் படாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வரலாற்றை விட்டாலும் தோணி இருந்தது. பழைய துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு வெங்காயமும் ஓடும் ஏற்றிப்போன தோணிகள் திரும்பும்போது சவுக்காரம், தேங்காயெண்ணெய், கிசுகிசு ஆகியவற்றோடு புதுப் பாட்டையும் கொண்டுவந்தன. வானொலியில் வருவதற்கு முன்பே தோணியை ஓட்டும் தண்டல் ஒருவரின் வாயிலிருந்து ஒரு பாட்டைக் கேட்டுவிட்டதாகப் பீற்றிக்கொள்ளும் பையன் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு.

பையன்களின் முதல் இதழில் 'சுராங்கனி'க்கு இரண்டு பக்கம் போனது. வெற்றுப் பக்கத்தில் வந்த முதல் கருத்தை எழுதியவர் தோழன் ஒருவனின் பெரியப்பா. பச்சை மையில், நல்ல கையெழுத்தில், மீன் விற்கிற பாட்டுக்கு இரண்டு பக்கம், பாபநாசம் சிவனுக்கு ஒரு வரிகூட இல்லை, இதெல்லாம் ஒரு பத்திரிகையா என்று கேட்டிருந்தார். அதன் கீழே வேறொரு கை, பெரியவர் பத்திரிகையை மட்டும் படித்தால் போதாது, பாட்டையும் கேட்டுவிட்டு எழுத வேண்டும் என்று பதில் போட்டிருந்தது. அதற்குக் கீழே மூன்றாவது கை எழுத்துப்பிழைகளைப் பட்டியலிட்டிருந்தது. லண்டன் ஃபேன்சின்களில் இப்படி ஒரு வசதி கிடையாது. அங்கே வாசகர் கடிதம் அடுத்த இதழில்தான் வரும். இங்கே சண்டை அதே பிரதியிலேயே, இதழ் தெருவைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். கையெழுத்துப் பத்திரிகையின் மிகச் சிறந்த பகுதி எப்போதும் அந்தக் கடைசிப் பக்கங்கள்தாம். கதை, கவிதைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ஒரே பிரதி என்பதில் ஒரே ஒரு குறைதான். மூன்றாவது இதழ் சுற்றுக்குப் போன ஒரு வீட்டில், யாரும் கவனிக்காத நேரத்தில், பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டது. அதோடு அந்தப் பத்திரிகையும் நின்றது.

அடுத்த கட்டம் உருட்டச்சு. மெழுகுத்தாளில் தட்டச்சு செய்தோ இரும்பு எழுத்தாணியால் கீறியோ, மை தடவிய உருளையில் மாட்டிச் சுற்றினால் 200, 300 பிரதி எடுக்கலாம். தொழிற்சங்க அலுவலகங்களிலும் பங்கு ஆலயங்களிலும் தட்டச்சுப் பயிற்சி நிலையங்களிலும் அந்த எந்திரம் இருந்தது. துண்டறிக்கைக்கு அது உதவியது; பத்திரிகைக்குப் பெரிதாக உதவவில்லை. கையில் ஒட்டிய மை இரண்டு நாளைக்குப் போகாது.

பாட்டின் பக்கம் நகலெடுப்பு வேறு வேகத்தில் போனது. ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த கேசட், எண்பதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியின் தெருக்களை நிரப்பியது. வளைகுடாவுக்குப் போனவர்கள் டூ இன் ஒன் கேசட் ரெகார்டரோடு திரும்பினார்கள். துறைமுகத்தில் ஒதுங்கிய கப்பல்களின் வழியாகவும் வெளிநாட்டுச் சாமான்கள் ஊருக்குள் கசிந்தன. ஊரில் ரெகார்டிங் சென்டர்கள் முளைத்தன. ஒரு தாளில் பாட்டுகளின் பட்டியலை எழுதிக் காலி கேசட்டோடு கொடுத்தால், கடைக்காரர் எல்.பி. ரெகார்டிலிருந்து வரிசையாகப் பதிந்து, நான்கு நாள் கழித்துத் தருவார். சி-60 என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். ஆறேழு பாட்டு அடங்கும். கணக்கு இடித்தால் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்துபோகும். தொழில் தெரிந்த கடைக்காரர் அப்படி விடமாட்டார். மிச்சமுள்ள ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு படத்தின் டைட்டில் இசையையோ வசனத் துணுக்கையோ போட்டு நிரப்புவார். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதிலும் அவருக்குக் கறாரான கருத்து உண்டு. பட்டியலில் இருக்கும் ஒரு பாட்டைத் தள்ளிவிட்டு, இதைக் கேட்டுப் பாருங்க தம்பி என்று தான் விரும்பிய ஒன்றைப் பதிந்து தருவார். அந்த ஊரில் இசை விமரிசனம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்தக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால்தான் இருந்தது.

சட்டப்படி இது திருட்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை 1984இல் திருத்தித் தண்டனையைக் கூட்டியதே இந்தக் கள்ள நகலை ஒடுக்கத்தான். பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ ஒரு காசு போகவில்லை என்பதும் உண்மை. ஆனால் எல்.பி. வாங்கவும் ரெகார்டு பிளேயர் வைத்துக்கொள்ளவும் வசதியில்லாத உப்பளத் தொழிலாளியின் வீட்டுக்குப் பாட்டு போனது இந்த வழியில்தான்.

கேசட் வேறு வேலைகளுக்கும் பயன்பட்டது. வானொலிக்கு முன்னால் டூ இன் ஒன்னை வைத்து, வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று மிரட்டிப் பதிவு செய்வார்கள். அத்தனை காவலையும் மீறி ஒரு தாளிப்புச் சத்தமும் பக்கத்து வீட்டுச் சேவலும் பாட்டுக்குள் புகுந்துவிடும். துபாயில் இருந்த அண்ணனுக்கு எழுதத் தெரியாத அம்மா கேசட்டில் பேசி அனுப்புவார். பேசி முடித்து மீதி நாடா இருந்தால் தங்கச்சி ஒரு பாட்டுப் பாடி அதை நிரப்புவாள். கோயில் கொடையில் வில்லுப்பாட்டை மேடைக்குக் கீழே உட்கார்ந்து பதிந்தவர்கள் உண்டு. கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் அதன் மேல் மறுபடி பதிய முடியாது. உடைத்த ஓட்டையில் தாளைத் திணித்தால் முடியும். எத்தனையோ வில்லுப்பாட்டுகள் அந்தத் தாள் துண்டால்தான் அழிந்தன.

மேல்நாட்டு இசையும் வந்தது. போனி எம், அப்பா, மைக்கேல் ஜாக்சன். பங்க் இசைக் கேசட் ஒன்றைக்கூடத் தூத்துக்குடியில் அன்று பார்த்ததாகக் கட்டுரையாளருக்கு நினைவில்லை. 1977 ஜனவரியில் பஸ்காக்ஸ் என்ற மான்செஸ்டர் குழு, 500 பவுண்டு கடன் வாங்கி, எந்தக் கம்பெனியின் வாசலிலும் நிற்காமல் தானே 1,000 ரெகார்டுகளை வெளியிட்ட செய்தியெல்லாம் ரொம்பக் காலம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டது.

அப்படிச் செய்தியைத் தேடிப் படிக்க வேண்டிய தேவை இல்லாமலே, வசூல் பண்ணி, தானே வேடம் கட்டி, தானே கொட்டி ஆடும் வழக்கம் இந்த மாவட்டத்தில் வேரூன்றியிருக்கிறது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராதான் அது. சுற்றுவட்டார ஊர்களில் இளைஞர்கள் சேர்ந்து தசரா குழு அமைப்பார்கள். காப்புக் கட்டி விரதம் இருந்து, காளி, குரங்கு, குறவன், போலீஸ், பிச்சைக்காரன் என்று நேர்ந்துகொண்ட வேடத்தைப் போட்டு, மேளத்தோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்குவார்கள். காளி வேடக்காரரின் தகரக் கைகள், சணல் சடை, கண்ணாடி மணி எல்லாம் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் தயாரானவை. கொட்டத் தெரியாதவன் மூன்றாம் நாளில் கொட்டப் பழகிவிடுவான். பத்தாம் இரவு, மகிஷாசுர சம்ஹாரத்துக்கு எல்லாக் குழுக்களும் குலசைக் கடற்கரைக்கு வந்து சேரும்போது, நூற்றுக்கணக்கான மேளங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் ஒரே நேரத்தில் அடிக்கும். அந்தச் சத்தத்தின் நடுவில் ஒரு தடவை நின்றவருக்கு எந்த ராக் கச்சேரியும் சங்கீத வித்வத் சபை மாதிரித்தான் கேட்கும்.

எழுத்துக்கு வந்தால், கையெழுத்துப் பத்திரிகையின் அண்ணன் சிற்றிதழ். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய 'எழுத்து', 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்த பத்திரிகை. விற்பனை கூடிவிடக் கூடாது என்று வரம்பு கட்டிய பத்திரிகை ஆசிரியரை வேறெங்கும் காண்பது அரிது. அந்த வரம்பைத் தொடுமளவு சந்தா சேரவில்லை என்பது வேறு விஷயம். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு அவர் ஊர் ஊராகப் போய் விற்றதைத் தமிழிலக்கிய உலகம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

1986இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான தூத்துக்குடி மாவட்டத்தில் சிற்றிதழின் தலைநகர் துறைமுகம் இல்லை, கோவில்பட்டி. எழுபதுகளில் 'நீலக்குயில்', பிறகு ஜோதிவிநாயகத்தின் 'தேடல்', எண்பதுகளின் கடைசியிலிருந்து கோணங்கியின் 'கல்குதிரை'. தஸ்தாயெவ்ஸ்கிக்கும் மார்க்வெஸுக்கும் புத்தகம் அளவுக்குச் சிறப்பிதழ் போட்ட 'கல்குதிரை'யைக் கோணங்கி பையில் போட்டுச் சுமந்து நண்பர்களின் வீடுகளுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். கவிஞர் தேவதச்சனின் நகைக்கடை அந்த வட்டாரத்தின் இலக்கியத் திண்ணையாக இருந்தது. தூத்துக்குடி நகரத்தில் கவிஞர் தேவதேவன் இருந்தார். கவிதை எழுதும் பையன்கள் தயங்கித் தயங்கி அவர் வீட்டு வாசலுக்குப் போவார்கள்.

அச்சு இந்தக் கரைக்குப் புதிய சரக்கு ஒன்றுமில்லை. போர்த்துகீசியத் துறவி அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல், 16 பக்கம். அது முத்துக்குளித்துறைக் கிறித்தவர்களுக்காகவே அச்சானது. 1586இல் வந்த அவரது 'அடியார் வரலாறு' தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் அச்சானதாகக் கருதப்படுகிறது. அச்சுக்கூடச் செலவுக்குப் பரதவர்கள் 400 குருசாதோ என்ற போர்த்துகீசிய நாணயம் திரட்டிக் கொடுத்தார்கள். கடலடியில் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு. தமிழில் வாசகர்களே பணம் போட்டு நடத்திய முதல் அச்சு முயற்சி என்று அதைச் சொல்லத் தடையில்லை.

அந்தப் பெருமையெல்லாம் தெரியாமல்தான் கட்டுரையாளரின் நண்பர் குழு 1987இல் ஒரு டிரெடில் அச்சகத்தின் படியேறியது. டெமி அளவு, இரண்டு ஃபாரம், 300 பிரதி. கம்பாஸிட்டர் அறைகள் நிறைந்த கேஸுக்கு முன்னால் நின்று, ஒவ்வோர் ஈய எழுத்தாகப் பொறுக்கி ஸ்டிக்கில் கோத்தார். எட்டுப் பக்கம் கோத்ததும் எழுத்து தீர்ந்துவிடும். அதை அடித்து முடித்து, எழுத்துகளைப் பிரித்துப் போட்ட பிறகே அடுத்த எட்டுப் பக்கம். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும் அந்த அச்சகத்தில் பழைய 'லை', 'னை' எழுத்துகள் தீரவில்லை. ஒரே பக்கத்தில் பழையதும் புதியதும் கலந்து வந்தன. முதல் இதழில் ஒரு கவிதையின் கடைசி வரி விடுபட்டு, அதுவே நன்றாக இருக்கிறது என்று கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை.

பின்னட்டையில் ஒரு வரி போட வேண்டும் என்று அச்சகக்காரர்தாம் சொல்லிக் கொடுத்தார்: தனிச்சுற்றுக்கு மட்டும். அன்று இந்தியாவில் பத்திரிகை நடத்த, 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி கொடுத்துப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. 300 பிரதிக்கு அந்த அலைச்சல் கட்டாது. எனவே இது பொதுமக்களுக்கான பத்திரிகையே இல்லை, நண்பர்களுக்குள் சுற்றுகிற தாள் என்று அறிவித்துவிடுவது சிற்றிதழ்களின் வழக்கம். கொஞ்சம் தந்திரம்தான். ஆனால் பொய்யில்லை: 300 பிரதியில் முக்கால்வாசி நண்பர்களிடம் இலவசமாகவே சுற்றியது, மீதி கட்டிலுக்கு அடியில் இருந்தது. மூன்று இதழோடு அதுவும் நின்றது. நின்றதற்குக் காரணம் வழக்கமானதுதான். ஒருவருக்கு வேலை கிடைத்தது, ஒருவருக்குக் கல்யாணம் ஆனது, அச்சகத்துக்குப் பாக்கி இருந்தது.

தொண்ணூறுகளில் ஜெராக்ஸ் கடைகளும் டி.டி.பி. நிலையங்களும் தெருவுக்குத் தெரு வந்தன. ஈய எழுத்துகள் எடைக்குப் போயின. ரெகார்டிங் சென்டர்கள் சி.டி. கடைகளாகி, பிறகு செல்போன் கடைகளாகிவிட்டன.

இவற்றில் அச்சானவை ஓரளவு தப்பித்தன. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சிற்றிதழ்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறது. ஈழத்து இதழ்களை நூலகம் நிறுவனம் மின்வடிவில் ஏற்றிவருகிறது. கையெழுத்துப் பத்திரிகைகளும் வீட்டில் பதிந்த கேசட்டுகளும் தப்பிக்கவில்லை. ஒரே பிரதியாகப் பிறந்தவை அவை. தூத்துக்குடியின் உப்புக்காற்றில் தாள் சீக்கிரம் பழுத்து உதிரும், நாடாவில் பூஞ்சை படரும். முத்துநகரிலோ திருச்செந்தூர், காயல்பட்டினம், மணப்பாட்டுப் பக்கமோ உங்கள் வீட்டுப் பரணில் ஊசிநூலால் தைத்த ஒரு நோட்டோ, அம்மாவின் கையெழுத்தில் பெயர் எழுதிய ஒரு கேசட்டோ கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். கடைசி வெற்றுப் பக்கங்களை விட்டுவிடாதீர்கள்.